பாக்டீரியா நுழைய முடியாத பாதை: தாவரச் செல்களுக்கிடையேயான கடத்தலை நோய்க்கிருமிகள் எப்படி மாற்றுகின்றன?

இலைக்குள் புகும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தாவரச் செல்லுக்குள் நுழைவதே இல்லை. இலைத்துளை வழியாகவோ காயத்தின் வழியாகவோ வந்து, செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில் தங்கிப் பெருகுகின்றன. இதனால்தான், “நோய்க்கிருமி செல்லுக்குச் செல் உள்ள வழியைத் திறந்துவிடுகிறது” என்ற ஆய்வுச் செய்தி பலரைக் குழப்புகிறது. பாக்டீரியா அந்த வழியாக அடுத்த செல்லுக்குப் போகிறது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அந்த வழியின் அகலம் 50 நானோமீட்டரைத் தாண்டாது. பாக்டீரியாவின் தடிமனோ 500 நானோமீட்டருக்கு மேல். அதன் வழியே போவது பாக்டீரியா அல்ல, பாக்டீரியா செலுத்தும் புரதங்களும் செடியின் சொந்த மூலக்கூறுகளும்தான். வைரஸின் கதை வேறு. அதற்கு இந்த வழியே பரவும் பாதை. அதற்கென்றே கடத்தல் புரதம் ஒன்றை வைத்திருக்கிறது. பாக்டீரியாவுக்கு அந்தத் தேவை இல்லாதபோது அது ஏன் இந்த வழியில் கைவைக்கிறது என்பதுதான் கேள்வி.

## வழியின் அமைப்பு

தாவரச் செல் ஒவ்வொன்றையும் செல்சுவர் சூழ்ந்திருக்கிறது. சுவர்களும் அவற்றுக்கு இடையே உள்ள வெளியும் சேர்ந்தது அப்போபிளாஸ்ட். பிளாஸ்மா சவ்வுக்கு உட்பட்ட, செல்லுக்குச் செல் தொடர்ச்சியாக இருக்கும் பகுதி சிம்பிளாஸ்ட். சர்க்கரையோ ஹார்மோனோ புரதமோ அடுத்த செல்லுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. சவ்வைக் கடந்து அப்போபிளாஸ்டுக்கு வந்து, மறுபடி அடுத்த சவ்வைக் கடப்பது ஒன்று. செல்சுவரை ஊடுருவிச் செல்லும் நுண்குழாய்கள் வழியே நேராகப் போவது மற்றொன்று. அந்த நுண்குழாய்களே பிளாஸ்மோடெஸ்மேட்டா. எடுவார்ட் டாங்கல் 1879இல் இவற்றை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1901இல் இந்தப் பெயரை வைத்தார்.

குழாயின் குறுக்களவு 20 முதல் 50 நானோமீட்டர் வரை. அதுவும் முழுக்கக் காலியாக இல்லை. செல்லுக்குள் விரிந்திருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையின் கிளை ஒன்று இறுகிச் சுருங்கி நடுவே ஓடுகிறது. இது டெஸ்மோடியூபுல், தடிமன் சுமார் 15 நானோமீட்டர். அதற்கும் குழாயின் உட்புறம் படிந்திருக்கும் பிளாஸ்மா சவ்வுக்கும் நடுவில் மிஞ்சும் வளைய இடுக்கில்தான் பெரும்பாலான கடத்தல் நடக்கிறது.

எவ்வளவு பெரிய மூலக்கூறு வரை இந்த இடுக்கில் போக முடியும் என்பது அளவு விலக்கு வரம்பு. சாயத்தைச் செல்லுக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்த பழைய சோதனைகள் இதைச் சுமார் 1 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்றன. பாடநூல்கள் இன்னமும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் இளம் இலைகளில் 27 கிலோடால்டன் எடையுள்ள பச்சை ஒளிர் புரதம் தாராளமாகச் செல்லுக்குச் செல் பரவுகிறது. இலை முதிர்ந்து, சர்க்கரையை வாங்கும் நிலையிலிருந்து ஏற்றுமதி செய்யும் நிலைக்கு மாறும்போது வரம்பு சுருங்குகிறது. எந்தத் திசு, எந்த வயது என்று சொல்லாமல் இந்த வரம்புக்கு ஓர் எண் கொடுப்பதில் பொருளில்லை.

## இறுக்குவது காலோஸ்

வழியின் அகலத்தை மாற்றும் பொருள்களில் நன்கு ஆராயப்பட்டது காலோஸ். இது குளுக்கோஸ் அலகுகள் பீட்டா-1,3 பிணைப்பில் கோத்த பாலிசாக்கரைடு. குழாயின் இரு வாய்களையும் சுற்றிச் செல்சுவரில் இது படியும்போது, சவ்வு உட்புறமாக நெரிக்கப்பட்டு இடுக்கு குறுகுகிறது. காலோஸைக் கட்டுபவை காலோஸ் சிந்தேஸ் நொதிகள். ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அரபிடாப்சிஸில் இவற்றுக்கு 12 மரபணுக்கள் உள்ளன. கரைப்பவை பீட்டா-1,3-குளுக்கனேஸ் நொதிகள். கட்டுவதும் கரைப்பதும் எப்போதும் ஒருசேர நடந்துகொண்டிருப்பதால், ஒரு பக்கம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ வழியின் அகலம் மாறிவிடுகிறது. நோய்க்கிருமிக்கு வசதியான இடம் இது. முழு அமைப்பையும் உடைக்க வேண்டியதில்லை, சமநிலையைச் சற்றுத் தள்ளினால் போதும்.

## தாக்குதல் தெரிந்ததும் செடி என்ன செய்கிறது?

அரபிடாப்சிஸில் சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியாவை வைத்துத் தெரிந்துகொண்ட வரிசை இது:

1. பாக்டீரியாவின் நீந்துஇழையில் உள்ள ஃபிளாஜெலின் புரதத்தின் 22 அமினோ அமிலத் துண்டைச் செல்லின் மேற்பரப்பிலுள்ள எஃப்எல்எஸ்2 ஏற்பி அடையாளம் காண்கிறது.

2. செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. பிளாஸ்மோடெஸ்மேட்டாவில் இருக்கும் சிஎம்எல்41 என்ற, கால்சியத்தை உணரும் கால்மோடுலின் போன்ற புரதத்தின் உதவியால் அங்கே காலோஸ் கூடுகிறது. இது விரைவாக நடக்கும் முதல் கட்டம்.

3. அடுத்து, தற்காப்பு ஹார்மோனான சாலிசிலிக் அமிலம் உயர்கிறது. அதன் சமிக்ஞைப் பாதையில் உள்ள இடிஎஸ்1, என்பிஆர்1 புரதங்கள் வழியாக பிடிஎல்பி5 என்ற புரதத்தின் உற்பத்தி கூடுகிறது.

4. எட்டு உறுப்பினர்கள் கொண்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பிடிஎல்பி5, பிளாஸ்மோடெஸ்மேட்டாவின் சவ்விலேயே உட்காரும் புரதம். சாலிசிலிக் அமிலம் தூண்டும் மூடலில் அதோடு சேர்ந்து வேலை செய்வது கால்எஸ்1 சிந்தேஸ். காயத்தாலும் ஆக்சிஜன் மூலிகளாலும் வரும் மூடலுக்கு வேறு நொதி, கால்எஸ்8. ஒரே வாயை மூட இரண்டு தனித்தனிக் கட்டளை வழிகள் இருக்கின்றன.

பிடிஎல்பி5 இல்லாத செடியில் வழி எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருக்கிறது. அதே செடியில் சூடோமோனாஸ் கூடுதலாகப் பெருகுகிறது. மூடுவது தற்காப்பின் ஒரு பகுதி என்பதற்கு நேரடியான சான்று இது. தாக்கப்பட்ட செல்லைத் தனிமைப்படுத்தினால் பாக்டீரியாவின் புரதங்கள் பக்கத்துச் செல்களுக்குப் பரவாது. தாக்கப்பட்ட செல் சாகும்போது வெளிவிடும் சமிக்ஞைகளும் நலமான செல்களை எட்டாது.

## ஹாப்-ஓ1-1: வாயிலேயே கைவைக்கும் புரதம்

சூடோமோனாஸின் கையில் இருக்கும் கருவி மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு. பாக்டீரியாவிலிருந்து நீளும் மெல்லிய இழைக்குழாய் செல்சுவரைக் கடந்து பிளாஸ்மா சவ்வில் துளையிட்டு, எஃபெக்டர் எனப்படும் புரதங்களை நேராகச் செல்லுக்குள் செலுத்துகிறது. குழாயின் உட்துளை மிகக் குறுகியது. புரதங்கள் மடிப்பு அவிழ்ந்து ஊடே போய், உள்ளே மறுபடி மடிகின்றன. தக்காளியைத் தாக்கும் டிசி3000 என்ற ஆய்வக இனம் இப்படிச் செலுத்தும் எஃபெக்டர்கள் ஏறத்தாழ 30.

அவற்றில் ஹாப்-ஓ1-1 செல்லுக்குள் போனதும் பிளாஸ்மோடெஸ்மேட்டாவில் போய்ச் சேர்கிறது என்பதும், அங்கே என்ன செய்கிறது என்பதும் 2020இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. இது ஏடிபி-ரைபோசைல் டிரான்ஸ்ஃபரேஸ் வகை நொதி. பிற புரதங்களின் மேல் ஒரு வேதிக்குழுவை ஒட்டிவிடும் வகை. ஹாப்-ஓ1-1, பிடிஎல்பி5இன் குடும்பத்தைச் சேர்ந்த பிடிஎல்பி7 புரதத்தோடு பிணைந்து அதன் நிலைத்தன்மையைக் குலைக்கிறது. பிடிஎல்பி5க்கும் இதே நிலை ஏற்படுவதற்கான அறிகுறிகள் உண்டு. செடி இந்த எஃபெக்டரைத் தானே உருவாக்கும்படி செய்தபோது, மூலக்கூறுகள் செல்லுக்குச் செல் கூடுதல் தொலைவு பரவின. நொதியின் வினைமையத்தை மட்டும் செயலிழக்கச் செய்து, மற்றதை அப்படியே விட்டால் அந்த விளைவு இல்லை. ஹாப்-ஓ1-1 இல்லாத பாக்டீரியாவால் தொற்றிய இடத்திலிருந்து பக்கத்துத் திசுவுக்குச் சரியாகப் பரவ முடியவில்லை.

இந்தக் கடைசிச் சான்றுதான் முக்கியம். பாக்டீரியா செல்களுக்கு வெளியேதான் நகர்கிறது. ஆனாலும் அது நகர்ந்து சேரும் திசு முன்கூட்டியே பலவீனமாக்கப்பட்டிருந்தால் அங்கே காலூன்றுவது எளிது. திறந்த வழியால் கிடைக்கும் லாபம் அதுதான் என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம்.

## எஃபெக்டர்கள் உண்மையில் பக்கத்துச் செல்லுக்குப் போகின்றனவா?

போகின்றன, ஆனால் எல்லாமே அல்ல. ஒரே ஒரு செல்லில் ஒளிரும் குறியோடு எஃபெக்டரை உருவாக்கிவிட்டு, அடுத்த செல்லில் ஒளி தெரிகிறதா என்று பார்த்தபோது, டிசி3000இன் பல எஃபெக்டர்கள் பரவின. போக்கைத் தீர்மானிப்பவை இரண்டு. முதலாவது அளவு: சுமார் 195 கிலோடால்டன் எடையுள்ள ஏவிஆர்-இ போன்ற பெரிய புரதத்துக்கு இந்த இடுக்கில் வேலையில்லை. இரண்டாவது, செல்லுக்குள் அது எங்கே தங்குகிறது என்பது. ஏவிஆர்-பிடிஓ வெறும் 18 கிலோடால்டன்தான். ஆனால் கொழுப்பு அமிலம் ஒட்டிய நிலையில் பிளாஸ்மா சவ்வில் பதிந்துவிடும் புரதம் அது. அப்படிப் பதிந்துவிடும் புரதங்கள், எடை குறைவாக இருந்தாலும், எளிதில் பரவுவதில்லை. செல்சாற்றில் மிதக்கும் சிறிய புரதங்களுக்கே வாய்ப்பு அதிகம்.

## அளப்பது எப்படி, எங்கே சறுக்கும்?

இந்தத் துறையின் முரண்பட்ட முடிவுகளில் கணிசமானவை அளவீட்டிலிருந்தே வருகின்றன. மூன்று முறைகள் அதிகம் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, சாயத்துளி முறை. ஒரு மில்லிமோலார் அடர்த்தியில் கார்பாக்சிஃபுளோரசின் டைஅசிட்டேட்டை ஒரு மைக்ரோலிட்டர் துளியாக இலையின் மேற்புறம் வைக்கிறார்கள். இந்த வடிவத்தில் சாயம் ஒளிராது, சவ்வை எளிதில் கடக்கும். உள்ளே போனதும் எஸ்டரேஸ் நொதிகள் அதை வெட்ட, ஒளிரும், ஆனால் சவ்வைக் கடக்க முடியாத கார்பாக்சிஃபுளோரசினாக மாறுகிறது. இனி அது பரவ பிளாஸ்மோடெஸ்மேட்டா ஒன்றே வழி. 5 நிமிடம் கழித்துத் துளியைக் கழுவிவிட்டு, இலையின் அடிப்புறத்தில் ஒளிரும் வட்டத்தின் குறுக்களவை அளக்கிறார்கள். இலையைப் பறிக்காமலேயே செய்யலாம் என்பது இதன் பெரிய நன்மை. சறுக்கும் இடம்: இந்தச் சாயத்தின் எடை 376 டால்டன் மட்டுமே. வட்டம் மாறவில்லை என்பதற்காக, புரத அளவிலான கடத்தலும் மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. தொற்றால் இலை நீர்கோத்திருந்தாலோ மேல்தோல் சிதைந்திருந்தாலோ சாயம் உள்ளே புகும் அளவே மாறி, வட்டம் பொய் சொல்லும்.

இரண்டாவது, ஒற்றைச் செல் முறை. பச்சை ஒளிர் புரதத்துக்கான டிஎன்ஏ பூசிய தங்கத் துகள்களை இலைமேல் அழுத்தத்தில் சுடுகிறார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் டிஎன்ஏவை ஏற்கின்றன. ஓரிரு நாள் கழித்து, அந்த மையச் செல்லைச் சுற்றி எத்தனை செல்கள் ஒளிர்கின்றன என்று எண்ணுகிறார்கள். கூடவே, எண்டோபிளாச வலையை விட்டு வெளியேறாத சிவப்பு ஒளிர் புரதம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், எது மையச் செல் என்பதில் சந்தேகம் வராது. அது இல்லாவிட்டால் தற்செயலாக டிஎன்ஏ ஏற்ற இரண்டு அண்டைச் செல்களைப் “பரவல்” என்று எண்ணிவிட நேரும். அதைவிட நுட்பமான பிழை ஒன்று: எஃபெக்டரோடு இணைத்த ஒளிர் புரதம் செல்லுக்குள் அறுந்துபோய்த் தனியாகப் பரவலாம். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் இணைப்பு முழுசாக இருக்கிறது என்று காட்டாத படத்துக்கு மதிப்பில்லை. தங்கத் துகளுக்குப் பதிலாக நீர்த்த அக்ரோபாக்டீரியத்தைக் கொண்டும் டிஎன்ஏவை ஏற்றலாம். ஆனால் அதுவும் ஒரு பாக்டீரியா. அதன் வரவே செடியின் தற்காப்பைத் தூண்டிக் கடத்தலைக் குறைக்கக்கூடும்.

மூன்றாவது, அனிலின் நீலச் சாயமேற்றல். காலோஸ் இந்தச் சாயத்தோடு புறஊதா ஒளியில் ஒளிரும். விரைவானது, மலிவானது, அதனாலேயே அதிகம் தவறாகப் பயன்படுவது. பாக்டீரியா தாக்கும்போது பிளாஸ்மோடெஸ்மேட்டாவுக்குத் தொடர்பில்லாத இடங்களிலும் செல்சுவரில் காலோஸ் திட்டுத் திட்டாகப் படிகிறது. சிறிய, அண்டைச் சுவர்களில் இரட்டையாகத் தெரியும் புள்ளிகளை மட்டும் தனியே பிரித்து அளக்காவிட்டால் எண்கள் வீண். இலையை வெட்டினாலே சில நிமிடங்களில் காலோஸ் உயர்ந்துவிடும். வெட்டியதற்கும் படமெடுத்ததற்கும் இடையிலான நேரத்தை எல்லா மாதிரிகளிலும் ஒன்றாக வைத்தால்தான் ஒப்பீடு நிற்கும். காலோஸ் படத்தை மட்டும் வைத்து “வழி மூடியது” என்று முடிவுசொல்லும் ஆய்வைப் பாதிச் சான்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூலக்கூறு நகர்ந்ததா என்பதைத் தனியே காட்டியாக வேண்டும்.

பாக்டீரியாவை நேரடியாகச் செலுத்தும் சோதனைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்துச் செல்லில் தென்படும் எஃபெக்டர் அங்கே பரவி வந்ததா, வேறொரு பாக்டீரியா நேரடியாகச் செலுத்தியதா என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் சுரப்பு அமைப்பே இயங்காத மாற்றினம், ஒற்றை எஃபெக்டரை மட்டும் நீக்கிய இனம், வினைமையம் செயலிழந்த எஃபெக்டர் ஆகிய மூன்றையும் கட்டுப்பாடாக வைக்கிறார்கள்.

## சவ்வின் வழியாகவும் மாற்றலாம்

எல்லா பாக்டீரியாவும் பிளாஸ்மோடெஸ்மேட்டாவைத்தான் குறிவைக்கிறது என்றில்லை. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே, செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே வரவழைக்கிறது. அதன் டேல் எஃபெக்டர்கள் நெல்லின் செல் உட்கருவுக்குள் போய், குறிப்பிட்ட மரபணு முன்பகுதியில் ஒட்டி அந்த மரபணுவை இயக்குகின்றன. இயக்கப்படுபவை ஸ்வீட் குடும்பச் சர்க்கரைக் கடத்திகள்: பிடிஎச்-எக்ஸ்ஓ1 ஸ்வீட்11ஐயும், பிடிஎச்-எக்ஸ்ஓ2 ஸ்வீட்13ஐயும், பிடிஎச்-எக்ஸ்ஓ3, ஏவிஆர்-எக்ஸ்ஏ7 இரண்டும் ஸ்வீட்14ஐயும் தூண்டுகின்றன. சர்க்கரை அப்போபிளாஸ்டில் சேர, பாக்டீரியா பெருகுகிறது. ஏவிஆர்-இ குடும்பம் இன்னும் நேரடியானது. பிளாஸ்மா சவ்வில் தானே ஒரு துளையாக அமைந்து நீரையும் சிறு கரைபொருள்களையும் கடத்துகிறது என்று 2023இல் காட்டப்பட்டது. தொற்றிய இலையில் நீர்கோத்த கரும்பச்சைப் புள்ளிகள் தோன்றுவதில் இதன் பங்கு பெரியது.

செல்லுக்குள்ளேயே வாழும் பைட்டோபிளாஸ்மாவுக்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். செல்சுவரே இல்லாத இந்தக் கிருமி, சர்க்கரையைக் கடத்தும் திசுவான ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்க்குள் இருந்துகொண்டு சிறிய புரதங்களைச் சுரக்கிறது. சல்லடைக் குழாய்க்கும் அதன் துணைச்செல்லுக்கும் இடையிலான பிளாஸ்மோடெஸ்மேட்டா மற்ற இடங்களைவிட அகலமானவை. துணைச்செல்லில் உருவாகும் பச்சை ஒளிர் புரதம் எளிதாகக் குழாய்க்குள் போய், இளம் திசுக்களில் இறங்குகிறது. அதே வழியில்தான் 38 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட டெங்கு (TENGU; டெங்குக் காய்ச்சலோடு தொடர்பில்லை) என்ற பெப்டைடு தண்டு நுனிவரை எட்டி, செடியைக் குட்டையாக்கிப் புதர்போலக் கிளைக்க வைக்கிறது. எஸ்ஏபி11 புரதமும் ஃபுளோயத்தைத் தாண்டிய செல்களின் உட்கருவில் காணப்பட்டிருக்கிறது.

## மூடிக்கொண்டதே நோயாகும்போது

சிட்ரஸ் பசுமை நோய் எதிர்த்திசையில் போகிறது. லிபரிபாக்டர் ஆசியாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைச் சைலிட் பூச்சி ஃபுளோயத்துக்குள் இறக்குகிறது. சல்லடைத் தட்டுகளில் உள்ள துளைகள் உருமாறிய பிளாஸ்மோடெஸ்மேட்டாவே. செடி அவற்றைக் காலோஸாலும் ஃபுளோயப் புரதங்களாலும் அடைக்கிறது. விளைவு: இலையில் உருவான சர்க்கரை வெளியேற முடியாமல் ஸ்டார்ச்சாகத் தேங்குகிறது, வேர்கள் பட்டினி கிடக்கின்றன, இலையில் நடுநரம்பின் இரு பக்கமும் ஒத்துப்போகாத மஞ்சள் திட்டுகள் தோன்றுகின்றன. துத்தநாகக் குறைபாட்டில் திட்டுகள் இரு பக்கமும் ஒத்திருக்கும், அதுவே வேறுபாடு. தேங்கிய ஸ்டார்ச்சை அயோடினால் கறுக்கவைத்துத் தோட்டத்திலேயே சோதிக்கலாம். ஆனால் பட்டை வளையமாக உரிந்த கிளையிலும் ஸ்டார்ச் தேங்கும் என்பதால், உறுதிசெய்ய, கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை வேண்டும்.

இங்கே இழப்பின் பெரும்பகுதி செடியின் எதிர்வினையிலிருந்தே வருகிறது. சூடோமோனாஸுக்கு எதிராகக் கைகொடுக்கும் அதே காலோஸ், இங்கே மரத்தைப் பட்டினி போடுகிறது.

## “மூடும் மரபணுவைக் கூட்டினால் போதுமே?”

இது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. மூன்று தடைகள் உள்ளன.

1. பிடிஎல்பி5 அளவுக்கு மீறி உருவாகும் அரபிடாப்சிஸ் செடி குட்டையாகி, இலை வெளிறி, திசுக்கள் தானாகவே கருகத் தொடங்குகின்றன. மக்காச்சோளத்தின் எஸ்எக்ஸ்டி1 மாற்றினத்தில் நரம்போரப் பிளாஸ்மோடெஸ்மேட்டா அடைபட்டு, இலையில் ஸ்டார்ச்சும் ஊதாநிற ஆந்தோசயனினும் தேங்குகின்றன. கடத்தல் நின்றால் விளைச்சலும் நிற்கும்.

2. தொற்றிய இலையிலிருந்து தொலைவிலுள்ள இலைகளுக்கு எச்சரிக்கை போக வேண்டும். அதற்கான அசெலாயிக் அமிலமும் கிளிசரால்-3-பாஸ்பேட்டும் பிளாஸ்மோடெஸ்மேட்டா வழியே செல்கின்றன. சாலிசிலிக் அமிலம் அப்போபிளாஸ்ட் வழியே செல்கிறது. எப்போதும் மூடிய செடியில் முதல் இரண்டும் தடைபட, உடல் முழுவதுக்குமான எதிர்ப்பாற்றல் குலைகிறது.

3. கிருமி எதைத் தாக்குகிறதோ அதையே கூட்டுவது, இலக்கைப் பெருக்குவது மட்டுமே. ஹாப்-ஓ1-1 போன்ற எஃபெக்டர் இருக்கும்வரை கூடுதல் பிடிஎல்பியும் சிதைக்கப்படலாம்.

நடைமுறையில் பலன் தந்த அணுகுமுறை நெல்லிலிருந்து வந்தது. ஸ்வீட்11 மரபணுவின் முன்பகுதியில் மாற்றம் கொண்ட எக்ஸ்ஏ13 எதிர்ப்புத்திறன் முன்பே தெரிந்ததுதான். மரபணுவையே ஒடுக்கினால் மகரந்தம் மலடாகிறது. முன்பகுதியில் டேல் எஃபெக்டர் ஒட்டும் சில டிஎன்ஏ எழுத்துகளை மாற்றினால் மட்டும் கிருமியால் அதை இயக்க முடியாமல் போகிறது, செடியின் சொந்தப் பயன்பாடு தொடர்கிறது. ஆனால் ஸ்வீட்13 அல்லது ஸ்வீட்14ஐத் தூண்டும் இனங்கள் எக்ஸ்ஏ13ஐச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. ஆகவே 2019இல் மூன்று மரபணுக்களின் முன்பகுதிகளிலும் ஐந்து ஒட்டுமிடங்களை ஒருசேரத் திருத்தினார்கள். திருத்தப்பட்ட நெல் வகைகள் பரந்த எண்ணிக்கையிலான கிருமி இனங்களைத் தாங்கின. பிளாஸ்மோடெஸ்மேட்டாவில் இதற்கு இணையான முயற்சிக்கு முதலில் தேவைப்படுவது, ஹாப்-ஓ1-1 பிடிஎல்பி7இன் எந்த அமினோ அமிலத்தில் கைவைக்கிறது என்ற வரைபடம். அந்த இடத்தை மாற்றியும் புரதம் வழியை ஒழுங்குபடுத்துகிறதா என்பதைச் சாயத்துளியிலும் ஒற்றைச் செல்லிலும் ஒருங்கே காட்ட வேண்டும்.